தேடியது கிடைக்காவிட்டால் பக்கம் ஏன் வெறுமையாக நிற்கிறது?

கேள்வி: சிறிய நூலகம் ஒன்றுக்காகப் பிஎச்பியில் தேடல் பக்கம் எழுதியிருக்கிறேன். புத்தகம் இருந்தால் பட்டியல் சரியாக வருகிறது. இல்லாவிட்டால் வெறும் பக்கம்தான். டேட்டாபேஸிடம் கேட்கும் குவெரியின் ரிசல்ட்டை இஃப் வைத்துச் சோதித்து, எல்ஸ் பகுதியில் 'புத்தகம் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரி ஒருமுறைகூட வந்ததில்லை. எங்கே தவறு?

பதில்: நீங்கள் சோதிப்பது 'குவெரி ஓடியதா' என்பதை. சோதிக்க வேண்டியது 'ஏதாவது கிடைத்ததா' என்பதை. இரண்டும் வேறு வேறு.

பிஎச்பியிலிருந்து டேட்டாபேஸை அணுக உதவும் மைஎஸ்க்யூஎல்ஐயில் குவெரி ஃபால்ஸ் தருவது, அது ஓடவே முடியாதபோதுதான். டேபிள் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அப்படி ஆகும். குவெரி ஒழுங்காக ஓடி ஒரு பதிவுகூடப் பொருந்தாவிட்டாலும் ரிசல்ட் ஆப்ஜெக்ட் வந்துவிடும். பெட்டி காலி, ஆனால் பெட்டி இருக்கிறது. இஃப் அதை ட்ரூ என்றே எடுத்துக்கொள்கிறது. உள்ளே போன வைல் லூப் ஒரு சுற்றும் சுற்றாமல் முடிகிறது. 2021-ல் வந்த பிஎச்பி 8.1 முதல் குவெரி தோற்றாலும் ஃபால்ஸ் வராது. இயல்பாகவே எக்ஸெப்ஷன்தான் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பு) எழும். ஆக, புதிய சர்வரில் உங்கள் எல்ஸ் பகுதிக்கு வேலையே கிடையாது.

சரி, எப்படிச் சோதிப்பது? எத்தனை பதிவு வந்தது என்று சொல்லும் நம்-ரோஸ் எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்கலாம். எனக்குப் பிடித்தது ஃபெட்ச்-ஆல். எல்லாப் பதிவுகளையும் ஒரே அரேயில் வாங்கி, அரே காலியா என்று பாருங்கள். பக்கத்துக்கு 20 புத்தகம் என்று லிமிட் போட்டிருந்தால் மெமரி பற்றிய கவலையும் இல்லை. டேட்டாபேஸை அணுகும் இன்னொரு வழியான பிடிஓவுக்கு மாறினாலும் இதே வழி செல்லும். அங்கே பதிவுகளை எண்ணிச் சொல்லும் ரோ-கவுண்ட்டை நம்ப வேண்டாம். செலக்ட் குவெரிக்கு எல்லா டேட்டாபேஸிலும் அது சரியான எண்ணிக்கை தரும் என்று உத்தரவாதம் இல்லை.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏதாவது வந்ததா என்று பார்க்க ஒருமுறை ஃபெட்ச் செய்துவிட்டு (ஒரு பதிவை எடுத்துவிட்டு), அப்புறம் வைல் லூப்பில் மீண்டும் ஃபெட்ச் செய்வது. முதல் புத்தகம் சோதனையிலேயே போய்விடும். பத்துப் புத்தகம் வந்தால் ஒன்பதுதான் தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே புத்தகம் வந்தால் பட்டியல் காலி!

'இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், தேடிய சொல்லையும் காட்டுங்கள். பலமுறை தவறு தட்டச்சில்தான் இருக்கும். பார்த்ததும் அவர்களே திருத்திக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சொல்லை குறியீடுகளை வெறும் எழுத்தாக மாற்றும் ஹெச்டிஎம்எல்-ஸ்பெஷல்-சார்ஸ் வழியாக மட்டுமே காட்டுங்கள். இல்லாவிட்டால் யாராவது தேடல் பெட்டி வழியாக ஸ்கிரிப்ட்டை நுழைத்துவிடலாம்.

பெட்டியில் எதுவும் எழுதாமல் பட்டனை அழுத்துவார்கள். தலைப்பில் ஒரு பகுதி பொருந்தினாலே எடுக்கும்படி லைக் போட்ட குவெரியில் அது எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்திவிடும். ட்ரிம் செய்து (ஓரத்து இடைவெளிகளை நீக்கி), வெற்றுச் சரமா என்று முதலிலேயே பாருங்கள். இதற்கு பிஎச்பியின் எம்ப்டி சோதனை வேண்டாம். யாராவது '0' என்று தேடினால் அதையும் காலி என்றே சொல்லும்.

தமிழ்ப் புத்தகங்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. அலமாரியில் இருக்கும் புத்தகத்தையே பக்கம் 'இல்லை' என்று சொல்லக்கூடும். 'தோட்டம்' என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, லைக்குக்கு இரண்டும் வேறு சொற்கள். பிஎச்பியின் இன்டில் எக்ஸ்டென்ஷனில் உள்ள நார்மலைசர் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி இதைச் சரிசெய்யும். புத்தகத்தைப் பதியும்போதும் தேடும்போதும் இரு இடத்திலும் அதைப் போடுங்கள். ஏற்கெனவே உள்ள தலைப்புகளை ஒருமுறை எடுத்து மாற்றி எழுத ஒரு சிறிய ஸ்கிரிப்ட் போதும்; ஓட்டும் முன் டேபிளுக்கு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.