மிரர்லெஸ்ஸா, டிஎஸ்எல்ஆரா? நீங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: அண்ணா, முதல் கேமரா வாங்கப் போறேன். மிரர்லெஸ் எடுத்தாதான் போட்டோ நல்லா வரும், டிஎஸ்எல்ஆர் எல்லாம் பழசுன்னு கடையில சொல்றாங்க. நிஜமா?

பதில்: போட்டோ தரத்தை வெச்சு சொன்னா நிஜம் இல்ல தம்பி. டிஎஸ்எல்ஆர்ல சென்சாருக்கு முன்னாடி, வெளிச்சத்தை வியூஃபைண்டருக்கு (நாம கண்ணை வெச்சுப் பாக்குற இடம்) திருப்பி விடுற ஒரு கண்ணாடி இருக்கும், மிரர்லெஸ்ல அது கிடையாது. படம் பதியுறது சென்சார்ல, முன்னாடி கண்ணாடி இருக்கா இல்லையாங்கிறது அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. நிக்கான்ல டி7500 டிஎஸ்எல்ஆர், இசட்50 மிரர்லெஸ், ரெண்டுமே 20.9 மெகாபிக்சல், ஒரே அளவு (ஏபிஎஸ்-சி) சென்சார்தான், ஒரே வெளிச்சத்துல ஒரே செட்டிங்ல எடுத்து ரா ஃபைலை (கேமரா மெருகேத்தாத மூலப் படம்) பக்கத்துல பக்கத்துல வெச்சா எது எதுல எடுத்ததுன்னு சொல்றது ரொம்பவே கஷ்டம்.

வித்தியாசம் எடுக்குற விதத்துல இருக்கு. டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸுக்குன்னு அடியில தனி சென்சார் இருக்கும், மிரர்லெஸ்ல படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸையும் பாத்துக்கும், அதனால ஃப்ரேம் ஓரத்துல நிக்கிற ஆளோட கண்ணைக்கூட தானா பிடிச்சுக்கும். எக்ஸ்போஷர் எப்படி வரும்னு வியூஃபைண்டர்லயே தெரியுறதால கத்துக்கிறவங்களுக்கு சீக்கிரம் பிடிபடும். கேனானும் நிக்கானும் 2018ல மிரர்லெஸ்ஸுக்குன்னு ஆர்எஃப், இசட் மவுண்ட் (லென்ஸ் மாட்டுற வாய்) கொண்டு வந்ததுக்கப்புறம் அவங்க கவனம் முழுக்க அந்தப் பக்கம் போயிடுச்சு, ஸோ புதுசா வாங்கினா மிரர்லெஸ்ஸே வாங்குங்க. பட்ஜெட் ரொம்ப டைட்டா இருந்தா மட்டும் செகண்ட் ஹேண்ட்ல ஒரு நிக்கான் டி7200 டிஎஸ்எல்ஆர், கூட ஒரு 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் பாருங்க, வீட்டுக்குள்ள சாயங்கால வெளிச்சத்துல கிட் லென்ஸ் (பாடியோட சேத்து விக்கிற லென்ஸ்) போட்ட புது கேமராவை விட அது நல்லா கொடுக்கும். ஷட்டர் கவுண்ட் (இதுவரைக்கும் எத்தனை தடவை கிளிக் ஆகியிருக்குங்கிற கணக்கு) கேக்காம வாங்காதீங்க, அந்த மாடல்ல ஷட்டரை 1,50,000 தடவைக்கு டெஸ்ட் பண்ணிருக்காங்க.

கேள்வி: கல்யாண வேலை பாக்குறேன் சார். கேனான் 5டி மார்க் 4 டிஎஸ்எல்ஆர், இஎஃப் 24-70 எஃப்/2.8 மார்க் 2 லென்ஸ். தோள்பட்டை வலி தாங்கல. எல்லாத்தையும் வித்துட்டு மிரர்லெஸ் போனா வெயிட் பாதியா குறையுமா?

பதில்: அவசரப்பட்டு விக்காதீங்க, முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க. உங்க பாடி பேட்டரி கார்டோட 890 கிராம், லென்ஸ் 805, மொத்தம் 1695. கேனான் மிரர்லெஸ் ஆர்6 மார்க் 2 பாடி 670, அதுக்கு ஆர்எஃப் 24-70 எஃப்/2.8 லென்ஸ் 900, மொத்தம் 1570. லென்ஸுக்குள்ள ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டுற அமைப்பு) வந்ததால உங்க பழசை விட புது லென்ஸ் வெயிட் ஜாஸ்தி! அவ்வளவு காசு கொட்டினாலும் கையில குறையுறது 125 கிராம்தான். இதுவே புது பாடி மட்டும் வாங்கி, 110 கிராம் அடாப்டர் போட்டு உங்ககிட்ட இருக்குற லென்ஸையே மாட்டினா 1585 வரும், ஆக லென்ஸுக்குக் கொடுக்குற காசு முழுக்க 15 கிராமுக்காகன்னு ஆகுது. கேனான் அடாப்டர்ல இஎஃப் லென்ஸ் ஆட்டோஃபோகஸ் சுத்தமா வேலை செய்யும், அந்தக் கவலை வேண்டாம்.

வெயிட் நிஜமா இறங்குறது 70-200 எஃப்/2.8 லென்ஸ்ல. டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் மார்க் 3 1480 கிராம், மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் 1070. ரிசப்ஷன் முழுக்க அதைத்தான் தூக்கிட்டு நிக்கிறீங்கன்னா காசை அங்க போடுங்க. அப்புறம் கழுத்துல ஒத்தை ஸ்ட்ராப்ல தொங்க விடுறதை நிறுத்திட்டு, ரெண்டு தோள்லயும் பாரம் பிரியுற ஹார்னஸ் வாங்கிப் போடுங்க, எந்தக் கேமராவா இருந்தாலும் முகூர்த்தத்துக்கு நாலு மணிக்கு எழுந்து ராத்திரி வரைக்கும் நிக்கிற உடம்பு உங்களோடது, அதைப் பாத்துக்கணும்.

கேள்வி: மிரர்லெஸ் வாங்கி தாலி கட்டுறப்ப சைலண்ட் ஷட்டர்ல எடுத்தேன், படம் பூரா கோடு கோடா இருக்கு. கேமரா ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்ல, பயப்படாதீங்க. சைலண்ட் ஷட்டர்ங்கிறது எலக்ட்ரானிக் ஷட்டர்தான், அது சென்சாரை மேல இருந்து கீழ வரி வரியா படிக்குது, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கிறதால மண்டபத்து லைட்டு பலதும் செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறையும், ஒவ்வொரு வரிக்கும் வெளிச்சம் மாறுறதுதான் அந்தக் கோடு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்க, ஸ்பீடை 1/100 இல்லன்னா 1/50ல வைங்க, ஆன்டி-ஃபிளிக்கர் (லைட்டு துடிப்பைச் சமாளிக்கிற செட்டிங்) இருந்தா ஆன் பண்ணுங்க. மேடைக்குப் பின்னாடி வைக்கிற எல்இடி வால் வேற கணக்கு, அது வேற வேகத்துல துடிக்கும், அதனால ஃபங்ஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு ஸ்பீட்ல டெஸ்ட் ஷாட் எடுத்து ஜூம் பண்ணிப் பாத்துடுங்க. தாலி கட்டுறது ஒரு தடவைதான், அங்க ரிஸ்க் எடுக்கவே கூடாது.

கேள்வி: என்கிட்ட நிக்கான் 50 எம்எம், 85 எம்எம் ரெண்டும் பழைய டி டைப் லென்ஸ். இசட் பாடியில போடலாமா?

பதில்: பழைய நிக்கான் லென்ஸை இசட் பாடியில போடுறதுக்கான எஃப்டிஇசட் அடாப்டர்ல மாட்டலாம், ஆனா ஆட்டோஃபோகஸ் வராது. அந்த லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது, பாடியில இருக்குற மோட்டார்தான் திருப்பணும், அடாப்டர்ல அது இல்ல. உள்ளேயே மோட்டார் இருக்குற ஏஎஃப்-எஸ் லென்ஸா இருந்தா பிரச்சினையே இல்ல. இந்த ரெண்டும்தான் உங்க சொத்துன்னா டி7500 மாதிரி மோட்டார் இருக்குற பாடியிலேயே இருங்க.

கேள்வி: வேடந்தாங்கல் பக்கம் பறவை எடுக்கிறேன். நிக்கான் டி500 டிஎஸ்எல்ஆர், 200-500 லென்ஸ். மிரர்லெஸ் இசட்8க்கு மாறணுமா?

பதில்: வெயிட்டுக்காகன்னா வேண்டாம். டி500 860 கிராம், இசட்8 910, பாடி ஏறத்தான் செய்யுது. ஃபோகஸுக்காகன்னா யோசிக்கலாம், கிளைக்கு நடுவுல உட்கார்ந்த பறவையோட கண்ணை இசட்8 தேடிப் பிடிக்கும், டி500ல பாயிண்ட்டை நீங்கதான் நகர்த்தணும். ஆனா பறக்குற கொக்கை விடாம ஃபாலோ பண்றதுல டி500 இன்னைக்கும் கெட்டி. அதோட ஆப்டிகல் வியூஃபைண்டர்ல (திரை இல்லாம கண்ணாடி வழியா பாக்குறது) மணிக்கணக்கா கண்ணை வெச்சு காத்திருந்தாலும் பேட்டரி பெருசா இறங்காது. உங்க படங்கள்ல ஃபோகஸ் தப்பித்தான் நிறைய போகுதான்னு ஒரு சீசன் பாருங்க, ஆமான்னா மாறுங்க. லென்ஸை விக்க வேண்டாம், அது ஏஎஃப்-எஸ்தான், அடாப்டர்ல ஓடும்.

கேள்வி: மிரர்லெஸ் பேட்டரி நிக்காதாமே?

பதில்: கம்மிதான். சிபா (ஜப்பான் கேமரா கம்பெனிகளோட சங்கம்) கணக்குல ஒரு சார்ஜுக்கு டி7500 950 ஷாட், சோனி ஏ6400 வியூஃபைண்டர்ல பாத்து எடுத்தா 360. எக்ஸ்ட்ரா பேட்டரி ரெண்டு வாங்குங்க, யுஎஸ்பியில சார்ஜ் ஆகுற மாடலா பாத்து எடுங்க.

கேள்வி: ஸ்டுடியோவுல ஃபிளாஷ் போட்டு எடுக்கிறப்ப வியூஃபைண்டர் ஒரே இருட்டா இருக்கு, டிஎஸ்எல்ஆர்ல இப்படி இல்லையே?

பதில்: 1/160, எஃப்/8, ஐஎஸ்ஓ 100ன்னு வெச்சா ஃபிளாஷ் அடிக்காத ரூம் எப்படி இருக்குமோ அதைத்தான் அது காட்டுது. கேனான்ல எக்ஸ்போஷர் சிமுலேஷன், சோனியில செட்டிங் எஃபெக்ட், அதை ஆஃப் பண்ணுங்க, பளிச்னு தெரியும். வெளியில இயற்கை வெளிச்சத்துல எடுக்கப் போறப்ப மறக்காம திரும்ப ஆன் பண்ணிடுங்க.