அன்னபூர்ணா ட்ரெக்குக்கு கேமராவும் துணியும் ஒரே பைல எப்படி அடக்குறது?

நேபாளத்துல அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போறேன், சோனி ஏ7 த்ரீ கேமரா பாடி, 24-70 லென்ஸ், தூரத்துல இருக்குறத எடுக்குற 70-200 லென்ஸ், ட்ரைபாட் எல்லாம் வச்சா துணிக்கு எடமே இல்லன்னு கேட்டிருக்கீங்க. இதப் பாத்துட்டு சும்மா போக முடியலைங்க. நான் திருப்பூரு, பனியன் கம்பெனி வீட்டுப் பொண்ணு, அதே ரூட்டுல கேமராவோட போயிட்டு வந்தவ.

மொதல்ல எடையக் கூட்டிப் பாருங்க. பாடி 650 கிராம், சோனியோட ஒசத்தி ரகமான ஜிஎம் லென்ஸ்னா பழைய 24-70 ஒரு 886, பழைய 70-200 ஒரு 1480. மூணு கிலோ தாண்டிருச்சு, இன்னும் ட்ரைபாட், சார்ஜர், பேட்டரி எதுவும் சேக்கல. ஃப்ளைட்ல கைப்பைக்கு பெரும்பாலும் 7 கிலோதான் விடுவாங்க. நான் கொண்டு போனது சோனியோட சின்ன கேமரா ஏ6400, அதோட 18-135 லென்ஸ், ரெண்டும் சேத்து முக்கால் கிலோவுக்கும் கம்மி. பறவை, மிருகம் எடுக்குறவங்க சண்டைக்கு வராதீங்க, உங்களுக்கு பெரிய லென்ஸ் வேணும், ஒத்துக்கறேன். நான் சொல்றது மலையும் ஊரும் மனுசங்களும் எடுக்கப் போறவங்களுக்கு.

எங்க க்ரூப்ல ரெண்டு பேரு என் கேமராவப் பாத்து "இதுக்கு ஃபோனே போதுமே"ன்னாங்க. நான் பதில் பேசல. வழியில சோம்ரோங் கிராமம் தாண்டுனதும் கல்லுப் படியா எறங்கி, ஆத்தக் கடந்து, மறுபடி ஏறணும் பாருங்க, அங்கயே அவங்க பெரிய கேமரா பைக்குள்ள போயிருச்சு, அப்புறம் அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்கு முந்துன தங்கலான மச்சாபுச்சரே பேஸ் கேம்ப் வர்ற வரைக்கும் வெளிய வரல. என்னோடது பை பட்டைல க்ளிப் போட்டு நெஞ்சுகிட்டயே இருந்துச்சு. மூங்கில் கூடையில சிலிண்டர் சுமந்துட்டு வந்த அண்ணன்கிட்ட கேட்டுட்டு எடுத்த படம், மழை விட்ட ரெண்டு நிமிசத்துல கெடைச்ச படம், எல்லாமே கைக்கு எட்டுற எடத்துல இருந்ததால கெடைச்சது. போர்ட்டர்கிட்ட குடுத்தா போச்சுன்னு சொல்வாங்க, அவரு நமக்கு முன்னாடி ரொம்ப தூரம் போயிருப்பாருங்க, படம் எடுக்கணும்னா அவரு பின்னாடியே ஓடணும்.

4130 மீட்டர் ஒசரத்துல இருக்குற அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புல விடிகாலைல என்ன ஆகும்னா, சூரியன் மச்சாபுச்சரே மலைக்குப் பின்னாடி இருந்து வரும், வெளிச்சம் மொதல்ல அன்னபூர்ணா உச்சி மேல விழும், அந்த நிறம் கொஞ்ச நேரந்தான் இருக்கும். அந்த நேரத்துல பக்கத்துல ஒருத்தருக்கு பேட்டரி படுத்துருச்சு. குளிர்ல அப்படித்தான் ஆகும், ராத்திரி பேட்டரிய ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள ஒடம்போட வச்சுட்டுத் தூங்கணும். அப்புறம் வெளிய இருந்து டைனிங் ஹாலுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே கேமராவ ஜிப் கவர்ல போட்டு மூடிருங்க, இல்லேன்னா சூட்டுக்கு லென்ஸ்ல தண்ணி கோத்துக்கும். நான் கம்பெனில பீஸ் மடிச்சுப் போடுற பாலி பேக்கும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் எடுத்துட்டுப் போனேன், துணிக்கும் அதேதான், மழைக்கு பை நனைஞ்சும் உள்ள ஒண்ணும் ஆகல.

இப்ப துணி. காட்டன் வேண்டாங்க. காட்டன்ல சோறு சாப்பிடுற ஊர்க்காரி நானே சொல்றேன். காட்டனோட மாய்ஸ்சர் ரீகெயின், அதாவது காத்துல இருந்து ஈரத்த இழுத்து வச்சுக்குற அளவு, 8.5 சதவீதம், பாலியெஸ்டருக்கு 0.4 தான், அதனால ராத்திரி அலசிப் போட்ட பாலியெஸ்டர் காலைல போட்டுக்கலாம், காட்டன் ஈரமாவே பைல ஏறி எடையா ஒக்காந்துக்கும், மேல போனா அந்த ஈரம் ஒடம்பு சூட்டையே எடுத்துரும். நடக்க ரெண்டு செட், தூங்க மட்டும் ஒரு செட், தெர்மல் ஒண்ணு, ஃப்ளீஸ், மழைக் கோட்டு, மெரினோ சாக்ஸ். ஜீன்ஸ் தொடவே தொடாதீங்க. இறகு அடைச்ச டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் ட்ரெக்குக்கு முன்னாடி வர்ற போக்கரா ஊர்ல வாடகைக்கே கெடைக்கும், இங்க இருந்து சுமக்க வேண்டாம். இதுலயே உங்க பைல பாதி எடம் மிச்சமாயிரும்.

இத எழுதுறப்ப ஒரு வருத்தம் வருது, சொல்லிடறேன். உலகத்துக்கே பனியன் தெச்சுக் குடுக்குற ஊரு எங்களோடது, ஆனா ட்ரெக்கிங் டிசர்ட் ஒண்ணு வாங்க எங்கூரு துணி மார்க்கெட்டான காதர்பேட்டை முழுக்க அலைஞ்சேன், என் சைஸ்ல பொம்பளைங்களுக்கு உருப்படியா ஒண்ணும் கெடைக்கல. கடைசில வெளிநாட்டு ப்ராண்டுக்கு ஷோரூம்ல காசு குடுத்து வாங்குனேன். தெக்கிற கையும் மெஷினும் எங்ககிட்ட இருக்கு, செயற்கை இழை பக்கம் இவ்வளவு தாமதமா திரும்புறோமேன்னு மனசு ஆறல. எங்கப்பாகிட்டயும் இதத்தான் சொல்லிட்டிருக்கேன்.

சரி, விமானத்துக்கு வருவோம். எக்ஸ்ட்ரா பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பைலதான், செக்-இன்ல போடக் கூடாது. 100 வாட் ஹவர் வரைக்கும் அனுமதி கேக்க வேண்டியதில்ல, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் ஹவர்தான் வரும், பவர் பேங்க் மேல அச்சடிச்ச அந்த எண் அழியாம இருக்கணும், வாங்குறப்பவே பாத்துக்குங்க. பேட்டரி முனைல டேப் ஒட்டிருங்க. கேமரா புதுசா, வெலை கூடுனதா இருந்தா கெளம்புறப்ப ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்குங்க, திரும்பி வர்றப்ப இது அங்க வாங்குனதான்னு யாரும் கேள்வி கேக்க முடியாது.

உங்க எடத்துல நானா இருந்தா 70-200ஐ வீட்டுல வச்சுட்டு 24-70 மட்டும் எடுத்துட்டுப் போவேன். ட்ரைபாட் ராத்திரி நட்சத்திரம் எடுக்குறதா இருந்தா மட்டும், அதுவும் சின்னதா செக்-இன்ல. ட்ரோனுக்கு நேபாளத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அது கைல இல்லேன்னா எடுத்துட்டே போகாதீங்க.