தோட்டத்து சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) ஃபைபர் இன்டர்நெட் கேபிள் இழுக்கிறீர்களா? கேட்டவையும் பதில்களும்

காங்கயத்திலிருந்து: அண்ணா, மெயின் ரோட்டிலிருந்து எங்க சாளைக்கு இட்டேரி (ரெண்டு பக்கம் வேலி இருக்கிற வண்டித்தடம்) வழியா 400 மீட்டர். வேலியிலயும் மரத்துலயும் கட்டி இழுத்துத் தர்றதாச் சொல்றாங்க. சம்மதிக்கலாமா?

வேண்டாம் தம்பி. தென்னை மட்டை ஒன்று விழுந்தால் போதும், கேபிள் போய்விடும். கிளுவை வேலியில் கட்டினால் வேலி வெட்டும் அன்று அரிவாள் படும். மண்ணுக்குள் கொண்டு போங்கள். ஆனால் கேபிளை அப்படியே புதைக்காதீர்கள், எலி கடிக்கும். 32 அல்லது 40 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) பைப் போட்டு அதற்குள் விடுங்கள். உழவு ஏர் ஓடாத ஓரமாக இரண்டரை, மூன்றடி ஆழம் எடுக்கச் சொல்லுங்கள். திருப்பத்தில் எல்போ வைக்காதீர்கள். பைப்பையே அகலமாக வளைத்து விட்டால்தான் கேபிள் சிக்காமல் வரும். நடுவில் நான்கைந்து இடத்தில் சின்னத் தொட்டி கட்டினால் இழுப்பதும் சுலபம்.

செலவெல்லாம் குழிக்கும் பைப்புக்கும்தான். அதனால் பைப்புக்குள் நைலான் கயிறு ஒன்றைக் கட்டாயம் விட்டு வையுங்கள். நாளைக்குக் கேபிள் கெட்டாலும் மறுபடி தோண்ட வேண்டாம். மூடுவதற்கு முன் எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பொக்லைன் வருகிற அன்றைக்கு அதுதான் காப்பாற்றும்.

பெருந்துறையிலிருந்து: அவ்வளவு தூரத்துல வேகம் குறையாதுங்களா?

குறையாதுங்க. ஒரு கிலோமீட்டருக்கே அரை டெசிபல்கூட (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) இழப்பு வராது. சிக்னலைக் கெடுப்பது கேபிள் மடங்குவதும் கனெக்டரில் படியும் அழுக்கும்தான்.

பொள்ளாச்சியிலிருந்து: மோடத்தை வாசல் கேட் பக்கத்துல வெச்சு, அங்கிருந்து 250 மீட்டருக்கு லேன் கேபிள் இழுத்தா?

லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. அதோடு அது செம்புக் கம்பி, மின்சாரம் பாயும். ஐப்பசி இடியில் மோடம், கம்ப்யூட்டர் எல்லாம் போகும். ஃபைபரிலும் இரும்புக் கம்பி இல்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

தாராபுரத்திலிருந்து: மோட்டார் ஒயர் போற குழியிலயே போடலாமா அண்ணா?

சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. பழுது பார்க்கிறவர் உயிருக்குத்தான் ஆபத்து. தனிப் பைப், ஓரடி இடைவெளி.

கோபியிலிருந்து: எங்க வீட்டு மோடத்துல அடிக்கடி சிவப்பு லைட் எரியுதுங்கண்ணா.

முதலில் மோடத்துக்குப் பின்னால் மஞ்சள் ஃபைபர் ஒயர் மடங்கியிருக்கிறதா பாரம்மா. கழற்றி முனைக்குள் கண் வைத்துப் பார்க்காதே. ஆள் வந்தால் பவர் மீட்டரில் சிக்னல் அளவை (டிபிஎம் கணக்கில்) அளக்கச் சொல். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டி மைனஸ் 28, 29 என்று போனால் சிக்னல் போதாது; மடிப்பையும் அழுக்கையும் சரிபார்த்து, தேவைப்பட்டால் இணைப்பை மறுபடி ஒட்டித் தர வேண்டும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள், அடுத்த தடவை புகார் சொல்லும்போது உதவும்.