எக்ஸ்ரே நார்மல்னா நுரையீரலும் நார்மலா?

கேள்வி: எனக்கு 46 வயசு. 21 வருஷமா சுரங்கத்துக்குள்ள டிரில்லிங் வேலை. சிகரெட் பழக்கம் இல்ல. இப்பல்லாம் ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு நார்மல்னு சொல்லிட்டாங்க. வயசாகுதுன்னு விட்டுடலாமா டாக்டர்?

பதில்: விட்டுடாதீங்க. 46 ஒண்ணும் ரெண்டு மாடிக்கு மூச்சு வாங்குற வயசு கிடையாது. எக்ஸ்ரேல தழும்பு இருந்தா தெரியும், அதுவும் ஆரம்பத்துல தெரியாமலே போகலாம், ஆனா நுரையீரல் எவ்வளவு காத்தை எவ்வளவு வேகமா வெளிய தள்ளுதுன்னு அது சொல்லாது, அதுக்கு ஸ்பைரோமெட்ரி பண்ணணும்.

கண்ணுக்குத் தெரியுற தூசி பெரும்பாலும் மூக்கு தொண்டைலயே சிக்கி சளியோட வந்துடும். 5 மைக்ரானுக்கும் சின்னதா இருக்கு பாருங்க, அதுதான் காத்துப்பை வரைக்கும் இறங்குது. பாறையைக் குடையுறப்ப வர்ற தூசில சிலிக்கா இருக்கும். அதை முழுங்குற காவல் செல் செரிக்க முடியாம செத்துப்போகும், வெளிய வந்த அதே சிலிக்காவை அடுத்த செல் முழுங்கும், அதுவும் சாகும், இப்படியே நடந்து நடந்து அந்த இடம் தழும்பாகிடும். வேலையை விட்டப்புறமும் சிலிகோசிஸ் (சிலிக்காவால வர்ற இந்தத் தழும்பு நோய்) வளர்றது இதனாலதான். நிலக்கரித் தூசி வேற மாதிரி, அது காத்துப்பையை உடைச்சு எம்ஃபிசிமா வரைக்கும் கொண்டுபோகும், சிகரெட்டே தொடாதவங்களுக்கும்கூட. டீசல் புகை, வெடி வெச்சதும் வர்ற நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் இதுக்கு மேல.

ஸ்பைரோமெட்ரில மூக்குக்கு கிளிப் போட்டு, மூச்சை முழுசா இழுத்து ஒரே ஊதா ஊதச் சொல்வாங்க, பக்கத்துல டெக்னீஷியன் "ஊதுங்க ஊதுங்க விடாதீங்க"ன்னு கத்திட்டே இருப்பார் (கத்தலைன்னாதான் எனக்கு ரிசல்ட் மேல சந்தேகம் வரும்). முதல் செகண்ட்ல வர்ற காத்து, மொத்தத்துல 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பொதுவா மூச்சுக்குழாய் அடைப்புன்னு அர்த்தம். இந்த விகிதம் சரியா இருந்து மொத்த காத்தே குறைஞ்சிருந்தா நுரையீரல் விறைச்சிருக்கலாம். சுரங்க வேலை பார்த்தவங்களுக்கு ரெண்டும் கலந்தும் வரும்.

இங்கதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. ரிப்போர்ட்ல, உங்க வயசு உயரத்துக்கு எதிர்பார்க்குற அளவுல 85 சதவீதம்னு இருந்தா நார்மல்னு எழுதிடுவாங்க. ஆனா சுரங்க வேலைக்குச் சேர்றவங்க பொதுவா நல்ல திடகாத்திரமானவங்க. உதாரணத்துக்கு 25 வயசுல முதல் செகண்ட்ல 4.6 லிட்டர் ஊதினவர் இப்ப 2.9 ஊதுறார்னு வைங்க. வயசுக்கு வருஷம் சுமார் 30 மில்லி குறையும், 21 வருஷத்துக்கு 630 மில்லி. இவருக்குப் போனது 1700. பேப்பர்ல மட்டும் நார்மல்! அதனால சேர்ந்தப்ப எடுத்த பழைய டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தா தேடி எடுத்துட்டுப் போங்க, இன்னைக்கு வர்ற நம்பரைவிட அதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம்.

கூடவே டிஎல்சிஓ டெஸ்டும் (நுரையீரல்லேர்ந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நல்லா போகுதுன்னு பார்க்குறது) தேவைப்பட்டா சிடி ஸ்கேனும் கேளுங்க. எத்தனை வருஷம், என்ன பாறை, தண்ணி விட்டு டிரில் பண்ணீங்களா உலர் டிரில்லிங்கான்னு டாக்டர் கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க. விழுந்த தழும்பை எடுக்க மருந்து இல்ல, அடைப்பு இருந்தா இன்ஹேலர் உதவும், ஆனா தூசி இல்லாத வேலைக்கு மாறுறதுதான் முதல் வேலை. சிலிக்கா பட்ட நுரையீரல்ல டிபி சுலபமா வரும், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறதுன்னு எது இருந்தாலும் சளி டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீங்க.