குவில்வொர்ட் செடியின் இலைகள் எல்லாம் கழன்றுவிட்டன. செத்துவிட்டதா, தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். முதலில் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: மீன் தொட்டிக்காக வாங்கிய செடி, கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, பிறகு வெளி இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கழன்றன, திரவ உரம் ஊற்றியும் நிற்கவில்லை, இப்போது மண்ணுக்கு மேல் ஒன்றுமே இல்லை. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அடியில் பளபளவென்று கழுவிய சரளை இருக்கும். விற்றவர் "எதையும் தாங்கும் செடி" என்று சொல்லியிருப்பார். ஊகம் தவறு என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சூடு அதிகம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மண்ணை விரலால் விலக்கினால் இரண்டு அல்லது மூன்று மடலாகப் பிளந்த சிறு கிழங்கு ஒன்று கிடைக்கும். வேர்கள் அந்தப் பிளவிலிருந்துதான் இறங்கும். அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கொழகொழவென்று அமுங்கி அழுகல் நாற்றம் வந்தால் மட்டும் கைகழுவிவிடலாம்.

குவில்வொர்ட் என்று விற்கப்படும் ஐசோயிட்டஸ் பார்க்கப் புல் மாதிரி இருக்குமே தவிர, புல்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பூ கிடையாது, விதை கிடையாது, ஸ்போர் என்ற நுண்துகளால்தான் பெருகும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிக் காடுகளில் பெரிய மரமாக நின்ற லெபிடோடென்ட்ரானுக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய சொந்தம் இதுதான். அப்படிப்பட்ட செடிக்கு மற்ற நீர்ச்செடிகளுக்குக் கொடுக்கும் அதே வைத்தியத்தைக் கொடுத்தால் எப்படி?

உலகில் இருநூறுக்கு மேற்பட்ட ஐசோயிட்டஸ் இனங்கள் உண்டு. வளர்ப்பவருக்கு அவற்றில் இரண்டு குணம் தெரிந்தால் போதும். ஒரு கூட்டம் வருடம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். வட ஐரோப்பா, வட அமெரிக்காவின் குளிர்ந்த, தெளிந்த ஏரிகளில் வாழும் ஐசோயிட்டஸ் லகஸ்ட்ரிஸ் இந்த ரகம். காயவிட்டால் போய்விடும், சூடான தண்ணீரிலும் நிற்காது. இன்னொரு கூட்டம் பருவகாலக் குட்டைகளில் வாழ்வது. கலிபோர்னியாவின் வசந்தகாலக் குட்டைகளில் வரும் ஐசோயிட்டஸ் ஹொவெல்லி, இந்தியாவில் மழைநீர் தேங்கும் இடங்களில் வரும் ஐசோயிட்டஸ் கோரமண்டலினா எல்லாம் இதில் சேரும். தண்ணீர் வற்றினால் இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் தூங்கும். அடுத்த முறை தண்ணீர் தேங்கினால் எழுந்துகொள்ளும். இந்த ரகத்துக்கு இலை உதிர்வது வியாதி இல்லை, வழக்கம்.

என் சூட்டுக்குக் காரணம் இங்கேதான் வருகிறது. நண்பர் ஒருவர் பெரிய மீன் தொட்டி வைத்திருக்கிறார். கரியமில வாயு சிலிண்டர், டைமர் போட்ட விளக்கு, அளந்து ஊற்றும் உரம் என்று சகலமும் உண்டு. அதில் ஒரு ஐசோயிட்டஸை நட்டார். உங்களுக்கு நடந்ததேதான் அவருக்கும் நடந்தது. "செத்துப்போச்சு, மண்ணையாவது நீ எடுத்துக்கோ" என்று சட்டியோடு என்னிடம் தள்ளிவிட்டார். கிழங்கு கல் மாதிரி இருந்தது. எந்த இனம் என்று தெரியாததால் முழுதாகக் காயவும் விடவில்லை, முழுகவும் விடவில்லை. அழுகிய இலையடிகளை எடுத்துவிட்டு, ஈரம் மட்டும் காத்து நிழலில் வைத்தேன். உரம் ஒரு சொட்டுக்கூட இல்லை. மழைக்காலத்தில் சட்டியை வெளியே எடுத்து வைத்து, மண்ணுக்கு மேல் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்க விட்டேன். நடுவிலிருந்து பச்சை ஊசிகளாகப் புது இலைகள் வந்தன.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வீட்டுக்கு வந்தவர் சட்டியைப் பார்த்தார், திருப்பிக் கேட்டார். கொடுத்தேன், அவர் செடிதானே. ஆனால் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "நான் கடைசியாகப் போட்ட உரம் மெதுவாக வேலை செய்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்! நட்பு தொடர்கிறது. ஆனாலும் "உரம் போட்டும் நிற்கவில்லை" என்று உங்கள் கேள்வியில் படித்ததும் கை தானாக விசைப்பலகைக்குப் போய்விட்டது.

உரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இந்தச் செடி சத்துக் குறைந்த இடத்தில் பிழைக்கவே உருவானது. குட்டைத் தண்ணீரில் பகலில் பாசியும் மற்ற செடிகளும் கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்த்துவிடும். போட்டி இல்லாத இரவில் அதை இழுத்து மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்து, பகல் வெளிச்சத்தில் பயன்படுத்துகிறது ஐசோயிட்டஸ். பாலைவனக் கள்ளிகள் செய்யும் அதே உத்தி. தண்ணீருக்குள் இருக்கும் செடியில் இதை 1981இல் ஜான் கீலி என்ற ஆய்வாளர் ஐசோயிட்டஸ் ஹொவெல்லியில் கண்டு எழுதினார். லகஸ்ட்ரிஸ் இன்னும் ஒரு படி மேல். தனக்கு வேண்டிய கரியமில வாயுவில் பெரும்பங்கை வேர் வழியாக அடிவண்டலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இலைக்குள் நீளவாக்கில் ஓடும் நான்கு காற்றுக் குழாய்கள் வழியாக அது மேலே வருகிறது. கழுவிய சரளையில் நட்டுவிட்டுத் தண்ணீரில் உரம் ஊற்றினால் யாருக்கு லாபம்? பாசிக்குத்தான். பாசி இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும், மெதுவாக வளரும் செடியால் அதை முந்த முடியாது. ஐரோப்பாவின் பல ஏரிகளில் வயல் உரமும் கழிவுநீரும் கலந்ததால் லகஸ்ட்ரிஸ் குறைந்துபோனது இந்த வழியில்தான்.

சிலிண்டர் வைத்து அழகாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். படத்தோடு சண்டைக்கு வர வேண்டாம். நான் தாவரவியல் படித்தவன் இல்லை, சட்டியில் வளர்ப்பவன். செடி தெரியாமல் சாதனம் வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கிழங்கை மீன் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அகலமான, ஆழம் குறைந்த சட்டியில் ஆற்றுமணலும் கொஞ்சம் களிமண்ணும் கலந்து போடுங்கள். பைகளில் வரும் சத்தூட்டிய கலவை வேண்டாம், அது தண்ணீரில் மிதக்கும், அழுகும். கிழங்கின் தலை மண்மட்டத்தில் இருக்கட்டும். புதைத்தால் குருத்து அழுகிவிடும். மழைநீர் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் கடினத்தன்மை குறைந்த தண்ணீர். குழாய்த் தண்ணீரைத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஆனால் குளோரமின் கலக்கும் ஊர்களில் அந்த வித்தை பலிக்காது, அதற்கென்று விற்கும் நீக்கி மருந்தைப் போட வேண்டும். புது இலை எட்டிப் பார்க்கும்வரை ஈரம் மட்டும் போதும். பார்த்த பிறகு தண்ணீர் மட்டத்தை மெல்ல மெல்ல உயர்த்துங்கள், வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் பொறுமை. வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள்.

ஸ்போரிலிருந்தும் வளர்க்கலாம். முதிர்ந்த வெளி இலையைப் பிய்த்து அடிப்பாகத்தின் உட்புறத்தைப் பார்த்தால் ஒரு சிறு பை இருக்கும். சில இலைகளில் பொடி உப்பு மாதிரி வெள்ளை மணிகள் இருக்கும், அவை பெண். வேறு சில இலைகளில் மிக நுண்ணிய தூள் இருக்கும், அது ஆண். இரண்டையும் ஒரே தட்டில், ஈர மணல் மேல், மெல்லிய தண்ணீர்ப் படலத்தில் தூவ வேண்டும். ஆண் அணுக்கள் நீந்திப் போய்த்தான் சேர முடியும் என்பதால் தண்ணீர் இல்லாமல் காரியம் நடக்காது. மேலே கண்ணாடி மூடி, நேர் வெயில் இல்லாத வெளிச்சம். முதல் இலை தலைமுடியைவிட மெலிதாக வரும். பாசியோடு குழப்பிக்கொண்டு துடைத்துவிடாதீர்கள்.

அப்படி வந்த குட்டிச் செடிகளைப் படம் எடுத்து ஒரு தோட்டக் குழுவில் போட்டேன். "புல் படங்களைத் தவிர்க்கவும்" என்று சொல்லி நிர்வாகி நீக்கிவிட்டார். அதே குழுவில் ஒரே ஆர்க்கிட் பூவை ஒன்பது கோணத்தில் போடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் நூறு இதயம். பூத்தால்தான் செடியா? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத புலம்பல், விடுங்கள்.

இதே சட்டிப் பழக்கத்தில் வேறு என்ன வளர்க்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆராக்கீரை என்கிற மார்சிலியா ஆரம்பிக்க நல்ல செடி. நான்கு இலையாக விரிந்து எதையும் பொறுத்துக்கொள்ளும், சட்டியை விட்டு வெளியேயும் ஓடும். தண்ணீர் வற்றும்போது அடியில் கெட்டியான காய் மாதிரி ஸ்போர்க் கூடுகளை வைக்கும். ஒரு ஓரத்தைக் கத்தியால் கீறித் தண்ணீரில் போட்டால் உள்ளேயிருந்து வழவழப்பான ஒரு புழு வடிவம் நீண்டு வெளியே வரும், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். குளிர்ந்த ஊரில் இருப்பவர்கள் லிட்டோரெல்லா என்ற சிறு நீர்ச்செடியை முயலலாம். அது தண்ணீருக்குள் இருக்கும்வரை பூக்காது, மட்டம் இறங்கி இலை வெளியே வந்தால்தான் பூக்கும்.

எதை வளர்த்தாலும் குட்டையிலிருந்து தோண்டி எடுத்து வராதீர்கள். சீனாவின் ஐசோயிட்டஸ் சினென்சிஸ், வட இத்தாலியின் வாய்க்கால்களில் இருக்கும் ஐசோயிட்டஸ் மாலின்வெர்னியானா எல்லாம் அழிவின் விளிம்பில் நிற்பவை. ஸ்போரோ, வளர்ப்பவர் கொடுக்கும் கிழங்கோ போதும்.

இன்னொன்று, நீங்கள் வாங்கியது ஐசோயிட்டஸ்தானா என்பதே எனக்குச் சந்தேகம். எலியோக்காரிஸ் என்ற கோரை வகையையும் இந்தப் பெயரில் விற்றுவிடுகிறார்கள். அது பக்கவாட்டில் ஓடுதண்டு விட்டுப் பரவும், ஐசோயிட்டஸ் அப்படிப் பரவாது. உதிர்ந்த இலை ஒன்றாவது மிச்சம் இருந்தால் குறுக்கே வெட்டி நான்கு குழாய் தெரிகிறதா என்று பாருங்கள். புது இலை வந்து படம் போடுவதாக இருந்தால் நுனியைப் போடாதீர்கள், வெளி இலையின் அடிப்பாகத்து உட்புறத்தைப் போடுங்கள். எந்த இனம் என்று சொல்லப் பெண் ஸ்போரின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். ஐசோயிட்டஸா இல்லையா என்பதை அந்தப் படத்திலேயே சொல்லிவிடலாம்.