தண்ணீரின் வயதைக் கேளுங்கள்

கேள்வி: கனடாவில் அணுக்கழிவைப் புதைக்க, ஒன்ராறியோவின் இக்னேஸ் பகுதியை 2024 இல் தெரிவு செய்திருக்கிறார்களாம். 650 மீற்றருக்கும் கீழே, கருங்கல்லுக்குள். என் தம்பி அங்கேதான் வேலை செய்கிறான். துளையிட்டுப் பார்த்து 'பாறை நல்லது' என்று சொன்னால் நம்பலாமா?
– வாசகி, கொடிகாமம்

பதில்: எதற்கு நல்லது என்று முதலில் கேட்க வேண்டும், தங்கச்சி. பாரம் தாங்கவா, தண்ணீரை மறிக்கவா?

உரும்பிராயில் எங்கள் ஐயா கிணறு வெட்டினபோது நான் பக்கத்தில் நின்றேன். செம்மண் முடிந்ததும் சுண்ணக்கல். அலவாங்கு பட்டால் பொறி பறக்கும். வெடி வைத்துத்தான் உடைத்தார்கள். அந்தக் கல்லில் ஒரு பக்கம் கை நுழைகிற அளவுக்கு நெட்டாக ஒரு வெடிப்பு. ஊற்று அதிலிருந்துதான் வந்தது. ஒரு முழம் தள்ளி வெட்டியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. கருங்கல் சுண்ணக்கல்லைப் போலக் கரையாது, சரி. ஆனால் அதிலும் வெடிப்பு உண்டு. நெட்டான வெடிப்புகள் நேர்கீழே போகும் ஒடுங்கிய துளையில் அகப்படுவது அரிது. சரிவாகவும் துளையிட்டார்களா என்று தம்பி கேட்கட்டும்.

அதைவிட முக்கியம் தண்ணீரின் வயது, அதாவது அது மழையாய் இறங்கி எவ்வளவு காலம் என்பது. அமெரிக்காவில் அணுக்கழிவைப் புதைக்க யக்கா மலையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று 1987 இல் சட்டம் போட்டார்கள். நாள் வைத்த பிறகு சாதகம் பார்த்த கதைதான். 1990களில் மலைக்குள், ஏறத்தாழ 300 மீற்றர் ஆழத்துச் சுரங்கத்தில், சில வெடிப்புகளுக்கு அருகே குளோரின்-36 என்ற கதிரியக்கப் பொருள் வழமையை விடக் கூடுதலாக இருந்தது. 1950களில் பசிபிக்கில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் பரப்பிய பொருள் அது, மழையோடு இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் அரை நூற்றாண்டுக்குள் மழைநீர் அவ்வளவு ஆழம் போய்விட்டது! பல்லாயிரம் ஆண்டு காக்க வேண்டிய கழிவுக்கு இது சின்ன விஷயமா? பிறகு வேறொரு குழு சோதித்தபோது அதே அடையாளம் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி தீராமலே நின்றது.

இதனால் ஆய்வே பொய் என்று நான் சொல்லவில்லை. முதல் குழு கண்டதை இன்னொரு குழு தன் கையால் சோதிக்க முடிந்ததே, அதுதான் எனக்குப் பெரிது. ஜெர்மனியில் அணுக்கழிவுக்கென 1977 இல் தெரிவு செய்த கோர்லெபன் உப்புப் பாறையை, மேலே மூடியிருக்கும் மண்படை போதாது என்று 2020 இல்தான் கைவிட்டார்கள். இடையில் 43 ஆண்டு.

தம்பி கூட்டத்துக்குப் போனால் இன்னும் இரண்டு கேட்கட்டும்: அந்த ஆழத்துத் தண்ணீர் எத்தனை ஆண்டுப் பழையது? துளைகளில் எடுத்த கல்லை வெளியாருக்கும் சோதிக்கக் கொடுப்பார்களா?