அடைப்புக்குறிக்குள் ஒளித்த வரி

கேள்வி: பி.பி.ஏ., எம்.பி.ஏ. முடித்து, சென்னையில் மூன்று ஆண்டு மார்க்கெட்டிங் வேலை பார்த்தேன். இப்போது கணவர், மகனுடன் அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறேன். வேலை அனுமதி உண்டு. உயர்நிலைப் பள்ளியில் மார்க்கெட்டிங் ஆசிரியை ஆக ஆசை. 38 வயதில் முடியுமா? (அடுத்த ஆண்டு டாலஸுக்கு மாற்றல் வாங்கப்போவதாகக் கணவர் சொல்கிறார்.)

பதில்: வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தீர்களே, அந்த வரிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் ஆசிரியர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வட கரோலினாவில் ரெசிடென்சி உரிமம் என்று ஒன்று உண்டு, முழு உரிமம் பெறும்வரை தரும் தற்காலிக உரிமம். இளநிலைப் பட்டம் வேண்டும். கற்பிக்கப்போகும் பாடத்தில் கல்லூரி அளவில் 24 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) படித்திருக்க வேண்டும், அல்லது பாடத் தேர்வில் தேற வேண்டும். பிறகு ஒரு பள்ளி மாவட்டம் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வேலை தந்து, நீங்கள் ஆசிரியர் பயிற்சித் திட்டத்திலும் சேர்ந்தால், வகுப்பெடுத்துக்கொண்டே படிக்கலாம். ஓராண்டு உரிமம், இரண்டு முறை புதுப்பிக்கலாம். அந்த மூன்றாண்டின் நடுவில் பெட்டி கட்டினால்? டாலஸ் இருப்பது டெக்சாஸ் மாநிலத்தில். வெளிமாநிலத்திலிருந்து வருபவரிடம் டெக்சாஸ் எதிர்பார்ப்பது முழு உரிமம். ஆசிரியர் உரிமம் பற்றி மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அது வழியைக் கொஞ்சம் சுருக்கும், அவ்வளவுதான்.

டெக்சாஸில் கணக்கே வேறு. அங்கே 6 முதல் 12ஆம் வகுப்புக்கான மார்க்கெட்டிங் சான்றிதழுக்கு, பட்டத்தோடு அத்துறையில் இரண்டு ஆண்டு முழுநேரச் சம்பள வேலை அனுபவமும் வேண்டும். உங்கள் பழைய நிறுவனத்திடம் இப்போதே கடிதம் வாங்குங்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரம் என்ற சொல், செய்த வேலை விவரம். ‘நன்றாகப் பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை.

உங்கள் இந்தியப் பட்டங்களுக்குப் பாடவாரி மதிப்பீடு தேவை, அதாவது படித்த ஒவ்வொரு பாடமும் அமெரிக்கப் படிப்பில் எதற்கு ஈடு என்ற சான்று. மூன்றாண்டு பி.பி.ஏ.வை மட்டும் அனுப்பினால், நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடில்லை என்று திரும்பக்கூடும், எம்.பி.ஏ.வையும் சேர்த்தே அனுப்புங்கள். மதிப்பிடும் நிறுவனத்தை அந்த மாநிலம் ஏற்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். எந்த மாநிலம்? அது தெரியாமல்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்!

குடும்பம் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்காக ஒருவர் ஊரை முடிவு செய்வதும், மற்றவர் அதை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டு வாழ்வதும் குடும்பம் ஆகாது. அவர் உங்களைக் கேட்கவில்லை. அது அவர் தவறு. மூன்றாண்டுத் திட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு நீங்களும் அவரிடம் வாய் திறக்கவில்லை. இது உங்கள் தவறு. ஊர் பேர் தெரியாத எனக்குக் கடிதம் எழுதத் தெரிந்த உங்களுக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் பேசத் தெரியாதா?

பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டிங் ஆசிரியரிடம் டெக்கா (மார்க்கெட்டிங், வணிகப் போட்டிகள் நடத்தும் அமைப்பு) மாணவர் மன்றப் பொறுப்பும் பெரும்பாலும் வந்து சேரும். போட்டிக் காலத்தில் மாலையும் வார இறுதியும் அதற்கே போகும். அந்தச் சனிக்கிழமைகளில் மகனை யார் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள்.